தண்ணீர் ஊற்றிய நேரம்

குழந்தையின் இறப்புச் சீட்டில் உயிர் பிரிந்த நேரம் நாலு பத்து என்று நர்ஸ் கோகிலாதான் எழுதினாள். அதற்குப் பிறகுதான் தாய் மரிய புஷ்பம் அவள் கையைப் பிடித்து, "யாரு ஊத்துனாலும் ஞானஸ்நானந்தான் சிஸ்டர், ஊத்துங்க" என்று கெஞ்சினாள். கோகிலா விபூதி பூசுகிறவள். இருந்தாலும் புஷ்பம் சொல்லித்தந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே, சூடு ஆறத் தொடங்கியிருந்த சிறு நெற்றியில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது கோயில் உபதேசியார் சவரிராயன் ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்.

"தண்ணியாலயும் ஆவியாலயும் மறுபடி பொறக்கணும்கிறது வேதம். உசுரு போன பெறகு ஊத்துனா அது வெறும் குளிப்பாட்டுறதுதாம்மா. புள்ளைய கல்லறைச் சுவருக்கு வெளியதான் வைக்கணும். எத்தன மணிக்கு ஊத்துனீங்க?"

கட்டிலிலிருந்து புஷ்பம் கோகிலாவையே பார்த்தாள். கோகிலா இதுவரை எந்த நோயாளிக்காகவும் நேரத்தை மாற்றிச் சொன்னதில்லை.

"நாலு அஞ்சுக்கு."

இறப்புச் சீட்டு அவர் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்தார். இன்னும் ஈரமாக இருந்த அவள் விரல்களைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"அஞ்சே நிமிஷம் முன்னாடியா? ஆஸ்பத்திரிக் கடிகாரத்த யாரும்மா நம்புவா! நாலு மணின்னே போட்டுக்குறேன்."