பத்தே பத்து ஷேர்

“அந்த வால்வு கம்பெனி ஷேரும் வாங்கினாத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள் சுந்தரேஸ்வரி.

செண்பகராஜ் திருதிருவென்று விழித்தார். பஸ்ஸில் வரும்போதுகூட மனைவி இப்படி ஒரு பேச்சை எடுக்கவில்லை. எதிரே இருந்த வேல்ராஜுக்கும் குழப்பம்தான். கோவில்பட்டியில் ஷேர் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து, கம்பெனி பேரைச் சொல்லி அடம்பிடிக்கிற பெண்மணியை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

விஷயம் இதுதான். கயத்தாறு பக்கம் இருந்த கரிசல் காட்டைச் சோலார் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற செண்பகராஜுக்குப் பென்ஷன் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு ஒன்றும் கிடையாது. காடு விற்ற பணத்தை நல்ல கம்பெனிகளின் பங்குகளில் போட்டு, வருகிற டிவிடெண்டில் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று திட்டம். காடு சுந்தரேஸ்வரியின் அப்பா கொடுத்தது. அதனால் கணக்கும் அவள் பேரில்தான், கையெழுத்தும் அவளுடையதுதான்.

“மதினி, நான் எடுத்து வச்சிருக்கதெல்லாம் ஆடாத அசையாத கம்பெனி. கரண்டு, சோப்பு, பெட்ரோல், மருந்துன்னு பிரிச்சுப் போடுதோம். நம்ம கரிசல்ல ஊடுபயிர் போடுத மாதிரி. ஒண்ணு சாவியாப் போனாலும் இன்னொண்ணு சோறு போடும்” என்றார் வேல்ராஜ்.

“அதை வேண்டாம்னா சொல்லுதேன்? கூட இதையும் வாங்குங்க தம்பி.”

“இது கிண்டியில இருக்குத சின்னக் கம்பெனி. லாபமே தட்டுத்தடுமாறித்தான் வருது. அவிய குடுக்குத டிவிடெண்டு காப்பித்தண்ணிக்குக் காணாது.”

“பத்தே பத்து ஷேர் போதும்.”

செண்பகராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏட்டி, வெளையாடுதியா? மழையை நம்பிப் பட்டது போதாதா? நாளைக்குப் படுத்துக்கிட்டா நம்மளப் பாக்க யாரு இருக்கா? இந்தப் பணத்தை விட்டா நாதி கெடையாது.”

சுந்தரேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

பேச்சை மாற்ற நினைத்த வேல்ராஜ், “நாமினி யாரு பேரைப் போட அண்ணாச்சி? பையன் ஜெயகிருஷ்ணன் பேரைப் போட்டுருவமா?” என்று கேட்டுத் தொலைத்தார்.

“எனக்குப் பையன் கெடையாது.”

தங்களைக் கேட்காமல் கல்யாணம் முடித்துவிட்டு வந்து நின்ற மகனிடமும் செண்பகராஜ் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அன்றைக்கு வாசலோடு திரும்பிப் போனவன்தான். எங்கே இருக்கிறான், என்ன வேலை பார்க்கிறான் என்று அவர் விசாரித்ததும் இல்லை. அம்மா போன் போட்டாலும் மணி அடித்து ஓயுமே தவிர, அவன் எடுப்பதில்லை.

“நாமினிய அப்புறம் போட்டுக்கிடலாம்” என்ற சுந்தரேஸ்வரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். “தம்பி, பத்து ஷேர் வச்சிருந்தாலும் கம்பெனியோட வருஷ மீட்டிங்ல பேச விடுவாகளா?”

“ஒரு ஷேர் இருந்தாலும் நீங்க முதலாளிதான் மதினி. இப்பம் நெறைய மீட்டிங் போன்லயே நடக்கு. முன்கூட்டியே பேர் குடுத்தா உங்களையும் கூப்பிடுவாக. கேட்ட கேள்விக்கு அவிய பதில் சொல்லணும்.”

“சொல்லியே ஆகணுமா?”

“சொல்லியே ஆகணும்.”

அவ்வளவுதான். பேனாவை எடுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு கரண்டு கம்பெனி டிவிடெண்ட் வந்தது, சோப்புக் கம்பெனி டிவிடெண்ட் வந்தது. சுந்தரேஸ்வரி எதையும் கண்டுகொள்ளவில்லை. “வால்வு கம்பெனி மீட்டிங் எப்பம்?” என்று வேல்ராஜைத்தான் துளைத்துக்கொண்டிருந்தாள். பேரும் கொடுத்தாயிற்று. நன்றாக இருந்தவளுக்கு ஷேர் பைத்தியம் பிடித்துவிட்டது என்று செண்பகராஜ் முடிவுகட்டினார்.

மீட்டிங் நாளும் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அவள் போன் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் போய்விட்டது.

“மீட்டிங்குக்கு எதுக்குட்டி பட்டுச் சேலை?”

“இருக்கட்டும்.”

“சரி, கேக்கதை உருப்படியாக் கேளு. டிவிடெண்டை ஏன் கூட்ட மாட்டேங்கீகன்னு எழுதியிருக்கேன். அப்படியே வாசி” என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

போனில் யாரோ ஒரு பெரியவர் இங்கிலீஷில் அறிக்கை வாசித்துக்கொண்டே இருந்தார். செண்பகராஜ் அலுத்துப்போய்க் கண்ணாடியைத் தேடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். திரும்பி வரும்போது அறிக்கை முடிந்து கேள்வி நேரம் தொடங்கியிருந்தது.

“அடுத்தது... கோவில்பட்டியில இருந்து...” என்ற குரல் கொஞ்சம் தடுமாறியது. “சுந்தரேஸ்வரி செண்பகராஜ்.”

செண்பகராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோட்டும் தாடியுமாக ஒரு முகம். கீழே ‘ஜெயகிருஷ்ணன், கம்பெனி செக்ரட்டரி’ என்று போட்டிருந்தது.

சுந்தரேஸ்வரி துண்டுக் காகிதத்தைத் தள்ளி வைத்தாள்.

“போன் போட்டாத்தான் எடுக்க மாட்டேங்கே. ஷேர் வச்சிருக்கவுக கேட்டா பதில் சொல்லியே ஆகணுமாமே? சொல்லுய்யா, நல்லா இருக்கியா?”