பித்தளை எழுபத்தேழு
காலையில் மகனைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டபோது தந்த எழுபத்தேழாம் நம்பர் பித்தளை டோக்கனை, டோக்கன் சேர்க்கும் ஆறு வயது மகளிடம் பெருந்தன்மையாக நீட்டியது நான்தான். காலணா செலவில்லாத பொழுதுபோக்கு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் நானே. இப்போது சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளில் சாய்ந்திருக்கிறது. உள்ளே ஆயாவின் இடுப்பிலிருந்து மகன் என்னை நோக்கிக் கை நீட்டி வீறிடுகிறான். "டோக்கன் இல்லாம புள்ளையத் தர மாட்டேன் சார். அப்பான்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?" என்கிறாள் ஆயா. பக்கத்தில் நிற்கும் மகளிடம் திரும்புகிறேன். மகள் தகர டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறாள்; உள்ளே டோக்கன்கள் கலகலக்கின்றன. மண்டியிட்டுக் கெஞ்சுகிறேன். "குடுத்துடு செல்லம். தம்பி நம்ம வீட்டுக்கு வர வேணாமா?" மூடியை அழுத்திப் பிடித்தபடி, என் கண்ணை நேராகப் பார்த்துச் சொல்கிறாள்: "வேணாம்பா."