மீன் தொட்டிக்கு வயர்

"இது வேணாங்க நானா. ரொம்ப மெல்லிசா இருக்கு."

ஹட்டன் டவுனில், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் மஃறூப்பின் எலக்ட்ரிக் கடை. பிரேமினி வயரின் நுனியை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"மீன் தொட்டிக்குத் தானே தங்கச்சி? பன்னண்டு வோல்ட் எல்.ஈ.டி. பட்டிக்கு இதுவே போதும். பளிச்சுனு எரியும்."

"எரிஞ்சா மட்டும் பத்தாதுங்க. அடாப்டர தொட்டியிலருந்து தள்ளி, செவத்துல உசரமா மாட்டப் போறேன். வயர் நீளமா போகணும். சூடாகாததா குடுங்க."

மஃறூப் வேறொரு சுருளை இறக்கினார். அவள் அதை வளைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"கனெக்டர்?"

"இந்தாங்க. சும்மா அழுத்தினா போதும், பிடிச்சுக்கும். எல்லாரும் இதத் தான் கொண்டு போறாங்க."

"மூடிக்குக் கீழ எந்நேரமும் ஆவி அடிக்கும் நானா. இது துரு புடிச்சு விட்டுடும். உள்ள ரப்பர் வளையம் வச்சு, முறுக்கிப் பூட்டுற மாதிரி ஒண்ணு வருமே?"

"இருக்கு. விலை கூட."

"பரவால்ல. எத்தன இருக்கோ அத்தனையும் எடுங்க."

கோயில் திருவிழாவுக்கு சீரியல் பல்பு வாங்க வந்திருந்த வீரய்யா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். லிந்துலைப் பக்கம் அவளும் அவரும் ஒரே தேயிலைத் தோட்டம். அவள் கீழ் லயத்து வீட்டு வரிசை, அவர் மேல் லயம்.

"என்ன புள்ள, நீயும் லைட் செய்யத் தொடங்கிட்டியா?"

"ஆமாங்கண்ணே. கொஞ்ச வீட்டுக்குப் போட வேண்டியிருக்கு."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீரய்யா கடைக்காரர் பக்கம் சாய்ந்தார். "யாருன்னு தெரியுதா நானா? சுமன் பொஞ்சாதி. தோட்டத்துல அங்கங்க மீன் தொட்டிக்கு லைட் செஞ்சு குடுத்தானே, அந்தப் பய."

"தெரியும். இங்க தான் எல்.ஈ.டி. பல்பு வாங்குவாரு. இப்ப ஆளைக் காணோம்?"

"போன ஆடி மழையில செத்துட்டான். அவன் வீட்டுத் தொட்டியிலேயே கரண்ட் அடிச்சிருச்சு. ஈரக் கையோட பிளக்கப் புடிச்சிருப்பான். விதி."

"அல்லாவே!" மஃறூப் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தார்.

"இன்னும் மொத தெவசம் கூட வரல நானா. அதுக்குள்ள அதே தொழில்ல எறங்கிட்டா பாருங்க. புருசன் புடிச்சு வச்ச வாடிக்கைய விட மனசில்ல."

"போன மாசமும் வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"பாத்தீங்களா! யாவாரம் நல்லா நடக்குது. நான் அவ எடத்துல இருந்தா அந்த லைட்ட கண்ணால கூடப் பாக்க மாட்டேன். என்ன மனசோ போங்க."

மஃறூப் பல்புகளைக் கட்டிக் கொடுத்தார்.

கோயில் வேலையாக இன்னும் இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்விட்டு வீரய்யா வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலிலேயே நின்றார்.

முன்னறையில் மீன் தொட்டியின் மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் பிரேமினி. சுமன் போட்டுத் தந்த பழைய லைட் ஒரு பேப்பரில் கிடந்தது.

"நம்ம வீட்டுக்கே வந்துட்டியா?" வீரய்யாவின் குரல் உயர்ந்தது. "நல்லா எரிஞ்ச லைட்ட யாரு கழட்டச் சொன்னது? எவ்வளவு கேக்குற இதுக்கு?"

அடுப்படியிலிருந்து மனைவி ராசம்மா வந்தாள்.

"சத்தம் போடாதீங்க. காசு வேணாங்கிறா. எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கிறா. இந்த லயத்துல சுமன் லைட் போட்ட வீட்டுக்கெல்லாம் போயி சும்மாவே மாத்திக் குடுத்திருக்கா."

"சும்மாவா? எதுக்கு?"

பிரேமினி நிமிரவில்லை. கனெக்டரை முறுக்கிப் பூட்டினாள். வயரைக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு, அப்புறம் மேலே அடாப்டருக்கு ஏற்றினாள்.

"இப்பிடி தொங்கிட்டு இருக்கட்டும் அக்கா. தண்ணி பட்டாலும் கீழ சொட்டிடும், பிளக்குக்கு ஏறாது. இனிமே நீங்க பயமில்லாம கைய விட்டுப் பாசி வழிக்கலாம்."

"நான் எப்பப் பயந்தேன்? தெனமும் வழிச்சுக்கிட்டுத் தானே இருக்கேன்," என்றாள் ராசம்மா.

பிரேமினி பழைய லைட்டை எடுத்து வீரய்யாவிடம் நீட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார். கரண்டைக் குறைக்கிற அடாப்டர் கிடையாது. மெயின் கரண்டிலிருந்து நேராக இழுத்த வயர். நடுவில் முறுக்கிச் சுற்றிய டேப் ஆவியில் ஊறிப் பிரிந்து, உள்ளே செம்புக் கம்பி வெளியே தெரிந்தது.

வீரய்யா ராசம்மாவின் கையைப் பார்த்தார்.

பிரேமினி மெதுவாகச் சொன்னாள்:

"எங்க வீட்டுத் தொட்டிக்கும் அவரு இப்பிடித் தாண்ணே சுத்தியிருந்தாரு."