மாடியில் டாப் டான்ஸ்

சபை ஆண்டு விழாவில் ஆடுவதாகப் பேர் கொடுத்துவிட்டு, கோடை லீவில், லாடம் அடித்த ஷூவால் தரையைத் தட்டி ஆடும் டாப் டான்ஸ் பழக ஆரம்பித்தார் ஏசுதாசன் வாத்தியார். புத்தகம் தபாலில் வந்தது. ஷூவுக்கு லாடம் மட்டும் சங்கரன்கோவிலிலேயே அடித்தார்கள்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மாடி அதிரும். டக்கு, டக்கு. ஒரு மாதமாக அந்த ஒரே அடிதான் வந்தது.

"கீழ வீட்டுக்கார அண்ணாச்சி தூங்குத நேரம். ஒருநா ஏறி வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறாரு," என்றாள் மனைவி ஞானபாய்.

"துரைப்பாண்டி அண்ணாச்சியா? இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலியே. ஏட்டி, அவரு ரசனை உள்ள மனுசன்."

முப்பத்தோராம் நாள் வித்தை பிடிபட்டது. நுனிக்காலும் குதிகாலும் மாறி மாறிப் பேசின. ஞானபாயே கைதட்டினாள்.

கதவும் தட்டப்பட்டது. கண் சிவக்க நின்றார் துரைப்பாண்டி.

"வாத்தியாரே, இத்தனை நாள் நல்லாத்தானே ஆடுனீரு? இன்னைக்கு ஏன் கெடுத்தீரு?"

"அண்ணாச்சி, இன்னைக்குத்தான் சரியா வந்திருக்கு."

"முப்பது வருசம் விசைத்தறி ஓட்டுனவன்வே நான். தறியை வித்த பெறவு, உம்ம சத்தத்துலதான் தூங்குதேன். சத்தம் மாறுனா நூல் அறுந்துட்டுன்னு தூக்கத்துலயே எந்திரிச்சு முடிச்சுப் போட்டுருவேன்."

"அதனால என்ன அண்ணாச்சி?"

"ஒரு கத்தரி இருந்தா குடும். என் வீட்டுக்காரி தலைமுடியைக் கட்டில் கயித்தோட முடிஞ்சு வச்சிருக்கேன். அவ இன்னும் முழிக்கல."