ஒரே சத்தம்

“யாரும் கதை சொல்ல வேண்டாம். மோதினப்போ ஒரே சத்தம் கேட்டுச்சா, இல்ல விட்டு விட்டு ரெண்டு சத்தமா? ஆளுக்கொரு சீட்டுல எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்க. பக்கத்துல எட்டிப் பாக்கற வேலையெல்லாம் ஆகாது” என்றார் இன்சூரன்ஸ் சர்வேயர்.

ஒர்க்‌ஷாப்பின் ஆபீஸ் அறையில் மூன்று பேரும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அவர்களுடைய வண்டிகளும் மோதிய அதே வரிசையில் நின்றன. முன்னால் பல் டாக்டரம்மாவின் கார், நடுவில் டாக்சி, கடைசியில் லாண்டரி வேன். போன வாரம் பாலத்தின் ஏற்றத்தில், நெரிசலில் ஒட்டி ஒட்டி நின்றபோது மூன்றும் இடித்துக்கொண்டன. டாக்சிக்கு மூக்கும் போச்சு, முதுகும் போச்சு.

“மூணு பேரைப் பேச விட்டா சத்தம்தான் வரும், உண்மை வராது. பத்து வருஷமா இந்தச் சீட்டு என்னை ஏமாத்தினதே இல்ல” என்று சர்வேயர் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டார்.

டாக்சிக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். சர்வேயர் எங்கே வருகிறார் என்று அவருக்குத் தெரியாதா? ஒரே சத்தம் என்றால், வேன் வந்து இடித்த வேகத்தில் டாக்சி தள்ளப்பட்டுக் காரில் மோதியிருக்கிறது. பழி முழுக்க வேனுக்கு. இரண்டு சத்தம் என்றால், வேன் வருவதற்கு முன்பே டாக்சி காரை இடித்துவிட்டது. ஏற்கெனவே அவர் பெயரில் இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் கம்பெனி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டுச் சாவி கொடுப்பார்கள்?

கேட்டது இரண்டு சத்தம். அதில் சந்தேகமே இல்லை. நின்றிருந்த வண்டியில், காலடியில் விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்தார். அப்போதுதான் பிரேக்கிலிருந்து கால் நழுவியிருக்க வேண்டும். முன்னால் ‘டம்’ என்று ஒன்று. ஐயோ என்று நிமிர்வதற்குள் பின்னால் இன்னொன்று.

“உள்ளதைச் சொல்லிடுங்க. மனசாவது நிம்மதியா இருக்கும்” என்று மனைவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். சொல்லிவிடலாம்தான். நாளை முதல் வீட்டில் உட்கார்ந்து அந்த நிம்மதியை என்ன செய்வது?

பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘1’ என்று எழுதி மடித்தார். எழுதிய பிறகுதான் உறைத்தது. அவர் என்ன எழுதி என்ன? முன்னால் இருந்த டாக்டரம்மா ‘2’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது கதை. அவருக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று என்ன தலையெழுத்தா?

சர்வேயர் சீட்டுகளைப் பிரித்தார்.

“டாக்சி, ஒண்ணு. வேன்... ரெண்டு.”

“ஆமா சார்” என்று வேன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “முன்னால ஒரு சத்தம் கேட்டுச்சு. என்னடான்னு எட்டிப் பாத்த நேரத்துலதான் நான் போய் இடிச்சேன். இடிச்சதை நான் இல்லேங்கல. ஆனா முதல் சத்தம் என்னுது இல்ல சார்.”

“பின்னால வந்து இடிக்கறவங்க எல்லாரும் பாடற பாட்டுதான்” என்றபடி சர்வேயர் மூன்றாவது சீட்டை எடுத்தார். டாக்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கார், ஒண்ணு.”

டாக்சிக்காரர் கண்ணைத் திறந்தார்.

“நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா மேடம்?”

“ஒரே சத்தம்தான்” என்றார் டாக்டரம்மா. குரலில் பிசிறே இல்லை.

“அப்புறம் என்ன? முன்னால இருந்தவங்களே சொல்லிட்டாங்க. தப்பு முழுக்க வேன் மேல.” சர்வேயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலை மூடினார்.

வேன்காரர் எழுந்து வந்து டாக்சிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு பேரு ஒரே மாதிரி சொல்றப்போ, எனக்குத்தான் காது மக்கர் பண்ணியிருக்கும். வீணா உங்க மேல பழி போடப் பாத்தேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே.”

டாக்சிக்காரருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. “பரவாயில்லப்பா” என்று கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வாசலில் டாக்டரம்மா கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். டாக்சிக்காரர் ஓடிப்போய் நின்றார்.

“டாக்டரம்மா, ஒரு நிமிஷம். என் பொழப்பைக் காப்பாத்திட்டீங்க. ஆனா உங்களுக்கும் ரெண்டு சத்தம் கேட்டிருக்குமே? பிரேக்ல கால் நழுவி நான்தான் முதல்ல உங்களை இடிச்சேன். தெரிஞ்சிருந்தும் எனக்காக எதுக்கும்மா பொய் சொன்னீங்க?”

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேலி பண்றீங்களா?”

“சத்தியமா இல்லம்மா.”

“நான் உங்களுக்காக ஒண்ணும் பொய் சொல்லல. நீங்க உண்மையைச் சொல்லி என்னை மாட்டி விட்டுடுவீங்கன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல” என்றவர், ஆபீஸ் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஏத்தத்துல பிரேக் நழுவினா உங்க வண்டி முன்னாலயா போகும்? போன்ல பேசிக்கிட்டே ஹேண்ட் பிரேக் போடாம விட்டு, பின்னால உருண்டு வந்து உங்களை இடிச்சது நான்தான்!”