வேலியோரப் பலா

“மரம் என்ட வளவில நிக்கிது. அது காய்ச்சா என்ட காய்தான்,” என்றாள் ஸகியா.

“நிக்கிறது உங்கட வளவில ராத்தா. காய்க்கிறது என்ட வளவில. மரத்துக்கே தெரியுது ஆர்ட பக்கம் சாயணும் எண்டு,” என்றாள் ஜெமீலா.

கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. வேலியில் ஆள் போய்வர விட்ட கடப்பில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார் கச்சி முகம்மது. இவர்களுடைய உம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பாயும் சரிபாதி. பாதி அக்கா வளவில், பாதி தங்கை வளவில்.

உம்மா மௌத்தாகும்போது வளவை இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப் போனாள். பலா மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வினை அங்கேதான் வந்தது.

நியாயம் சொல்ல வருகிறவன் வாய் ஒன்று பேசும், கண் சட்டிக்குள் இருக்கும். காத்தான்குடியில் அப்படிப்பட்ட ஆட்கள் மலிவு. கச்சி முகம்மது அந்த ரகம் இல்லை. யப்பான் சண்டையோடு நூல் வரத்து நின்று அவருடைய தறி சும்மா கிடந்தது. ஆனாலும் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். பெருநாளைக்குக் கொடுத்தனுப்பிய சோற்றையே, “நான் என்ன மிஸ்கீனா?” என்று திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்டவரை எப்படி விலைக்கு வாங்குவது?

இந்த வழக்கில் மட்டும் அவர் சாப்பிட வேண்டியிருந்தது. அது சட்டம்.

“நியாயம் சொல்ல வாற ஆள் ரெண்டு வீட்டுச் சோத்தையும் தின்னணும் மாமா. ஒரு வீட்டுல திண்டா தீர்ப்புச் சாஞ்சிடும். ஒரு வீட்டுலயும் தின்னாட்டித் தீர்ப்பே செல்லாது. உம்மா அப்பிடித்தான் சொல்லுவா,” என்று முதல் நாளே ஸகியா சொல்லிவிட்டாள்.

“எங்கட ராத்தா அப்பிடிச் சொன்னதா? எனக்குத் தெரியாதே,” என்று முறைத்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வருவார். ஒரு வீட்டுச் சோறு வயிற்றில் போகும். மற்ற வீட்டுச் சோறு வாழையிலையில் கட்டிக் கையில் போகும்.

இன்றைக்கு ஸகியாவின் இறால் ஆணத்தைக் குழைத்துக்கொண்டே ஜெமீலாவை விசாரித்தார்.

“போன கிழமை மேல்கொப்பு உன்ட ராத்தாக்கு, கீழ்க்கொப்பு உனக்கு எண்டு தீர்த்தனே. அதுக்கு என்ன வந்த?”

“மேல்கொப்புக் காயும் என்ட வளவிலதான் விழுகுது மாமா.”

“விழுந்தா எடுத்துக் குடு.”

“குடுத்தன். நசிஞ்ச காயை ஏன் தந்த எண்டு சண்டைக்கு வாறா.”

“நசியாமப் பிடிச்சித் தரலாமே,” என்றாள் ஸகியா.

“அப்ப நான் பட்டணத்துக்குப் போய்ப் பிரக்கிராசியைப் பாக்கிறன்.”

“போ, நல்லாப் போ,” என்றார் கச்சி முகம்மது. “சுளையெல்லாம் அவனுக்கு. கையில ஒட்டுற பால் உனக்கு. கறுப்புக் கோட்டுப் போட்டவன் வீட்டுல எவன்ட காணி முளைக்கல்ல எண்டு பாத்திட்டு வா.”

கையைக் கழுவிவிட்டு எழுந்தார். வேலிக் கம்பு ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“இண்டையோட இந்த வழக்கு முடியுது. மரத்துல பிழை இல்ல. பிழை வேலியில. வேலியைப் பிடுங்கு. அதுக்குப் பிறகு ஆர்ட பக்கம் எண்டு பேச்சே இல்ல.”

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் இனி இஞ்ச வரத் தேவையில்ல,” என்று சால்வையை உதறித் தோளில் போட்டார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“அதெப்பிடி மாமா?” என்றாள் ஜெமீலா, அவசரமாக. “வேலியை எடுத்தா என்ட கோழியெல்லாம் ராத்தாட முத்தத்துக்குப் போயிடுமே.”

“போய் என்ட கீரைப்பாத்தியைக் கிளறும்,” என்று ஸகியா பிடித்துக்கொண்டாள். “என்ட முத்தத்துல முட்டை இட்டா, அந்த முட்டை ஆருக்கு?”

“கோழி என்ட கோழி.”

“முத்தம் என்ட முத்தம்.”

கச்சி முகம்மது ஜெமீலாவின் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முருங்கை மரத்தடி, உரல், விறகுக் கட்டு. பிறகு சோற்றுப் பொதியை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

“கோழி வழக்கு லேசில தீராது. அடுத்த ஜும்ஆக்குப் பாப்பம். அதுவரைக்கும் வேலி நிக்கட்டும்,” என்றார். கடப்பைத் தாண்டும்போது திரும்பி, “ஆணத்துக்கு உப்புக் காணாது,” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவின் கைத்தடிச் சத்தம் தெரு முடக்கில் மறைந்ததும் ஸகியா கடப்பால் நுழைந்து தங்கையின் குசினிக்குப் போனாள். இரண்டு வீட்டுக் கூப்பனுக்கும் கிடைத்த அரிசி வெந்த ஒரே பானை அடுப்படியில் காலியாகக் கிடந்தது. அக்காவும் தங்கையும் ஒரே கோப்பையில் அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“மாமாக்கு ஒரு நேரச் சோறு குடுக்கக் கட்டின வேலி. அவரே பிடுங்கச் சொல்லிட்டாரே,” என்று சிரித்தாள் ஸகியா.

“சிரிக்காதீங்க ராத்தா,” என்றாள் ஜெமீலா. “அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கேயாவது ரெண்டு கோழி வாங்கணும்.”