அலுவலகம் கழித்துப்போட்ட கணினி

பழைய கணினிகளைச் சரிசெய்து இலவசமாகக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளையின் பட்டறையில் காலை வெயில் மேசை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாமென்று கொடுத்த கணினியின் தூசியை ஊதித் தள்ளுகிறார் மெக்கானிக் அக்கா. இன்னொரு பழைய பெட்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை அதில் மாட்டி, பொத்தானை அழுத்துகிறார். உள்ளே விசிறி உர்ரென்று சுற்ற, திரை நீலமாக விழிக்கிறது. இதை வாங்கிப்போக வந்திருக்கும் இளம்பெண்ணுக்குப் பிறவியிலிருந்தே பேச்சு வராது. அவளுக்கும் சேர்த்து அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள்: "இவகிட்ட எதையும் கேக்கவே வேணாம்மா. முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்." அக்கா சிரிக்கிறார். "நீ டைப் அடி கண்ணு, இது சத்தமாப் படிக்கும்." பெண் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்கிறாள். உதவ நீண்ட அம்மாவின் கையைச் செல்லமாகத் தட்டிவிடுகிறாள். ஸ்பீக்கர் கரகரத்து, பிறகு தெளிவாகச் சொல்கிறது: "அம்மா, எனக்குப் பச்சை கலர் பிடிக்கவே பிடிக்காது." அம்மா திரும்பி, மகளின் பச்சைத் துப்பட்டாவைப் பார்க்கிறாள். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். கண்ணில் நீர் தளும்புகிறது. "அடிப்பாவி! இத்தனை வருஷமாப் பச்சையாவே பாத்துப் பாத்து எடுத்தேனேடி!" நாற்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "சரி, வேற என்னவெல்லாம் பிடிக்காது? ஒண்ணொண்ணாச் சொல்லு."